வாய்ப்பாட்டை எண்ணியவர்கள்: சட்டாம்பிள்ளை முதல் டாஷ்போர்டு வரை



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது நிதானமாகப் படியுங்கள்.

என்னிடம் படித்தவர்களில் பலர் இன்று பெற்றோர், சிலர் ஆசிரியர்கள். கொஞ்ச நாளாக உங்களில் பலரிடமிருந்து ஒரே மாதிரியான கேள்வி வருகிறது. "பிள்ளையின் பள்ளியில் வாய்ப்பாட்டுப் பயிற்சிக்கு ஓர் இணையதளம் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் நேரம் ஓடுகிறது. ஆசிரியரின் டாஷ்போர்டில் கட்டம் கட்டமாகப் பச்சை, சிவப்பு என்று தெரிகிறதாம். என் மகளுக்கு ஏழாம் வாய்ப்பாடும் எட்டாம் வாய்ப்பாடும் சிவப்பு. கவலைப்பட வேண்டுமா?"

ஒருவருக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் இந்தச் சிவப்புக் கட்டத்துக்குப் பின்னால் 200 வருடங்களுக்கு மேற்பட்ட கதை இருக்கிறது. அதில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. கதை தெரிந்தால் பயமும் வராது, அலட்சியமும் வராது. அதனால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

முதலில் நம் திண்ணைப் பள்ளிக்கூடம். "வாய்ப்பாடு" என்ற சொல்லிலேயே வாய் இருக்கிறது. நம் பிள்ளைகள் எண்களை வாயால் சொல்லி, விரலால் மணலில் எழுதி, காதால் கேட்டுப் படித்தார்கள். எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம், குழிமாற்று என்று தனித்தனிச் சுவடிகள் இருந்தன. முழு எண்களோடு நின்றுவிடவில்லை. பின்னங்களுக்கும் வாய்ப்பாடு உண்டு. மா என்றால் 20-ல் ஒரு பங்கு, காணி 80-ல் ஒரு பங்கு, முந்திரி 320-ல் ஒரு பங்கு. நெல் அளக்க, நிலம் அளக்க, கூலி கணக்குப் பார்க்க இவை எல்லாம் நாக்கு நுனியில் இருக்க வேண்டியிருந்தது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த செந்தில்பாபு இந்தச் சுவடிகளையும் திண்ணைப் பள்ளிகளின் கணக்குப் படிப்பையும் பல ஆண்டுகள் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அங்கே மனப்பாடம் என்பது வெறும் ஒப்பித்தல் அல்ல, கணக்குப் போடும் முறையே அதுதான் என்பது அவர் காட்டும் முக்கியமான விஷயம்.

அங்கே யாருக்கு எது தெரியும், யார் எங்கே தடுக்குகிறார் என்று கணக்கு வைத்தது யார்? சட்டாம்பிள்ளை. மூத்த மாணவன் முன்னால் சொல்வான், மற்றவர்கள் பின்னால் சொல்வார்கள். யாருடைய குரல் தேய்கிறது, யார் அடுத்தவன் வாயைப் பார்த்துச் சொல்கிறான் என்பது பக்கத்தில் இருப்பவனுக்கு உடனே தெரிந்துவிடும். பதிவேடு ஏதும் தேவைப்படவில்லை. இதைச் சொல்லிவிட்டு அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நான் புகழப் போவதில்லை. பிரம்பும் இருந்தது, கோதண்டமும் இருந்தது. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஏறி உட்காரக்கூடிய திண்ணையாகவும் அது இருக்கவில்லை. பெண் பிள்ளைகள் மிக அரிது. ஆனாலும் ஒன்றைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்: தடுமாற்றத்தைக் கவனித்தவனும் அதைத் திருத்த வேண்டியவனும் ஒரே இடத்தில் இருந்தார்கள்.

அடுத்து, சென்னை எழும்பூர். 1789-ல் அங்கே படைவீரர்களின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஏற்றார். நம் ஊர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்து, அதையே தன் பள்ளியிலும் கொண்டுவந்தார். மாணவனே மாணவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையையும் ஒழுங்குபடுத்தினார். 1797-ல் லண்டனில் இதைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். இங்கிலாந்தில் அது "மெட்ராஸ் முறை" என்ற பெயரிலேயே பரவியது. பெல் ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்தார்: பதிவேடு. அன்றாடம் எவ்வளவு பாடம் முடிந்தது என்று எழுதி வைக்க வேண்டும். காதில் கேட்டுத் தெரிந்துகொண்டது காகிதத்துக்கு ஏறியது. காகிதத்தில் ஏறிய கணக்கை ஆசிரியர் மட்டுமல்ல, வகுப்புக்கு வெளியே இருப்பவரும் படிக்கலாம்.

அப்படி வெளியே இருப்பவர் படித்தபோது என்ன நடந்தது என்பதற்கு இங்கிலாந்தின் 1862-ம் ஆண்டுச் சட்டத் திருத்தம் சாட்சி. ராபர்ட் லோ என்ற அரசியல்வாதி கொண்டுவந்தது. "தேர்ச்சிக்குத் தக்க மானியம்" என்று அதைச் சொல்லலாம். வருகையைப் பொறுத்து ஒரு பிள்ளைக்கு 4 ஷில்லிங். ஆய்வாளர் வந்து நடத்தும் தேர்வில் தேறினால் இன்னும் 8 ஷில்லிங். வாசிப்பு, எழுத்து, கணக்கு என்று மூன்று பாடம். ஒன்றில் தவறினால் 2 ஷில்லிங் 8 பென்ஸ் வெட்டு. (ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். 8 ஷில்லிங்கை மூன்றால் வகுத்துப் பாருங்கள், சரியாக வரும். ஆங்கிலேயப் பிள்ளைகள் ஏன் பன்னிரண்டாம் வாய்ப்பாடு வரை போனார்கள் என்பதும் புரியும். ரூபாய்க்கு 16 அணா இருந்த நம் நாட்டில் பதினாறாம் வாய்ப்பாடு வரை சொல்லவைத்ததும் அதே மாதிரிக் காரணம்தான்.) இரண்டாம் நிலைத் தேர்வில் பெருக்கல் வாய்ப்பாடு கட்டாயம். ஒரு பிள்ளைக்கு வாய்ப்பாடு தெரியுமா என்பது பள்ளியின் வருமானமாக மாறியது.

கவிஞரும் பள்ளி ஆய்வாளருமான மாத்யூ அர்னால்ட் தன் அறிக்கைகளில் இதைக் கடுமையாக எதிர்த்தார். பிள்ளைகளுக்கு உண்மையில் வாசிக்கவோ கணக்குப் போடவோ தெரியாமலேயே, சாமர்த்தியமாகத் தயார்செய்து தேர்வில் தேற வைத்துவிட முடியும் என்று எச்சரித்தார். இதே மானிய முறை 1860-களின் இறுதியில் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. திண்ணைப் பள்ளிகள் பல மானியத்துக்காக ஆய்வாளரின் பாடத்திட்டத்துக்குள் வந்தன. முந்திரியும் காணியும் மெல்ல ஒதுங்கின. இங்கிலாந்தில் அந்த முறை 1890-களில் கைவிடப்பட்டது.

இதுவரை கேட்ட கேள்வி "தெரியுமா, தெரியாதா" என்பதுதான். "எவ்வளவு வேகமாக" என்ற கேள்வி அமெரிக்காவில் பெரிதாக எழுந்தது. டெட்ராய்ட் நகரில் ஆசிரியராக இருந்த ஸ்டூவர்ட் கோர்ட்டிஸ், 1909-ஐ ஒட்டி ஒரு கணிதத் தேர்வு வரிசையை உருவாக்கினார். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் ஒவ்வொன்றுக்கும் எளிய ஓரிலக்கக் கணக்குகள் அடங்கிய தாள். நேரம் ஒரு நிமிடம். எத்தனை சரி? அவ்வளவுதான் தேர்வு. நியூயார்க் நகரப் பள்ளிகளை ஆராய்ந்தபோதும் இந்தத் தேர்வைப் பல்லாயிரம் பிள்ளைகளுக்கு வைத்தார்கள். இன்று உங்கள் பிள்ளையின் திரையில் ஓடும் கடிகாரத்தின் தாத்தா இந்தத் தாள்தான்.

கோர்ட்டிஸ் தேர்வின் நல்ல பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு இடையே எவ்வளவு பெரிய வித்தியாசம் இருக்கிறது என்பதை அது எண்ணாகக் காட்டியது. "நான்காம் வகுப்புப் பிள்ளை" என்று ஒரே மாதிரிப் பிள்ளை யாரும் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது. வகுப்பறையில் நின்ற யாருக்கும் இது புதுச் செய்தியல்ல. ஆனால் நிர்வாகத்துக்குப் புதுச் செய்தி.

இனி வருவதுதான் இந்தக் கதையிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம். 1935-ல் வில்லியம் ப்ரௌனெல் என்ற கல்வி ஆராய்ச்சியாளரும் சார்லட் சாசல் என்பவரும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒன்றைச் சோதித்தார்கள். எளிய கூட்டல் கணக்குகளுக்கு அந்தப் பிள்ளைகள் எப்படி விடை கண்டுபிடிக்கிறார்கள் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாக விசாரித்தார்கள். சிலர் நினைவிலிருந்து சொன்னார்கள், சிலர் எண்ணிச் சொன்னார்கள், சிலர் தெரிந்த ஒரு விடையிலிருந்து தெரியாததைக் கண்டுபிடித்தார்கள், சிலர் குத்துமதிப்பாகச் சொன்னார்கள். பிறகு தினமும் வேகப் பயிற்சி. மறுபடி விசாரித்தபோது பிள்ளைகள் வேகமாகியிருந்தார்கள். ஆனால் முறை பெரிதாக மாறவில்லை. எண்ணிக்கொண்டிருந்த பிள்ளை இன்னும் எண்ணிக்கொண்டேதான் இருந்தது. இப்போது வேகமாக எண்ணியது.

இதை இரண்டு தடவை படியுங்கள். கடிகாரம் பிள்ளை எடுத்த நேரத்தைக் காட்டும். அந்த நேரத்துக்குள் பிள்ளையின் மனதில் என்ன நடந்தது என்பதைக் கேட்டால்தான் தெரியும்.

1960-களில் இந்தக் கதைக்குள் கணினி வந்தது. 1965-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பேட்ரிக் சூப்பீஸ், கலிஃபோர்னியாவில் ஒரு பள்ளியின் நான்காம் வகுப்பில் தட்டச்சு இயந்திரம் போன்ற டெலிடைப் கருவியை வைத்தார். தொலைபேசிக் கம்பி வழியாக அது பல்கலைக்கழகக் கணினியோடு இணைந்திருந்தது. 41 பிள்ளைகள் தினமும் அதில் கணக்குப் பயிற்சி செய்தார்கள். இணையம் பிறப்பதற்கு முன்பே தொலைவிலிருந்து கணக்குப் பயிற்சி! ஒவ்வொரு விடையும், அதற்கு எடுத்த நேரமும் பதிவாகத் தொடங்கியது அந்தக் காலத்தில்தான்.

அந்த நேரப் பதிவிலிருந்து ஓர் அழகான கண்டுபிடிப்பு வந்தது. 1972-ல் கை க்ரோன், ஜான் பார்க்மன் என்ற இருவர் முதல் வகுப்புப் பிள்ளைகளின் கூட்டல் நேரத்தை ஆராய்ந்தார்கள். எட்டும் மூன்றும் எவ்வளவு என்று கேட்டாலும், மூன்றும் எட்டும் எவ்வளவு என்று கேட்டாலும், நேரம் சின்ன எண்ணைப் பொறுத்தே கூடியது. அப்படியென்றால் பிள்ளைகள் பெரிய எண்ணில் தொடங்கி, "ஒன்பது, பத்து, பதினொன்று" என்று சின்ன எண்ணின் அளவுக்கு எண்ணுகிறார்கள் என்று முடிவு செய்தார்கள். இரண்டும் இரண்டும், நான்கும் நான்கும் போன்ற இரட்டைகள் மட்டும் இதற்கு விலக்கு. அவை சட்டென்று வந்தன. கேள்வி கேள்வியாகப் பிரித்துப் பார்த்தால் நேரமும் பேசும் என்பது இதிலிருந்து தெரிகிறது.

அதோடு நிற்கவில்லை. 1987-ல் ராபர்ட் சீக்லர் என்ற உளவியலாளர் இந்தச் சராசரிகளை மறுபடி ஆராய்ந்தார். பிள்ளைகளிடம் ஒவ்வொரு கணக்குக்கும் எப்படிச் செய்தாய் என்று கேட்டார். ஒரே பிள்ளை ஒரு கணக்குக்கு எண்ணுகிறது, இன்னொன்றுக்கு நினைவிலிருந்து சொல்கிறது, மற்றொன்றைப் பிரித்துக் கூட்டுகிறது என்று தெரிந்தது. எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் யாருமே எப்போதுமே செய்யாத ஒன்றைப் பிள்ளைகள் செய்வதாகத் தோன்றிவிடும் என்று எச்சரித்தார்.

நீங்களே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு பிள்ளைகள், 20 கேள்விகள். முதல் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் 3 வினாடி. இரண்டாவது பிள்ளை பத்துக் கேள்விக்குத் தலா 1 வினாடி, மீதி பத்துக்குத் தலா 5 வினாடி. இருவருக்கும் சராசரி 3 வினாடி. ஆனால் இரண்டாவது பிள்ளைக்குப் பாதி வாய்ப்பாடு மனதில் பதிந்துவிட்டது, மீதிப் பாதிக்கு உதவி தேவை. முதல் பிள்ளை எல்லாவற்றையும் ஏதோ ஒரே வழியில் யோசித்துச் சொல்கிறது. இருவருக்கும் நாளைக்கு ஒரே பாடம் நடத்தினால் அது யாருக்கும் சரியான பாடமாக இருக்காது.

அதே 1960-களில் ஆக்டன் லிண்ட்ஸ்லி என்ற அமெரிக்கர் வேறு வழியில் போனார். ஒரு நிமிடத்துக்கு எத்தனை சரி, எத்தனை தவறு என்று பிள்ளையே தன் கையால் தினமும் வரைபடத்தில் புள்ளி வைக்கும் முறையைக் கொண்டுவந்தார். இன்றைய பிள்ளையை நேற்றைய அதே பிள்ளையோடு ஒப்பிடுவதுதான் அதன் அடிப்படை. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அந்த வரைபடத்தில் இடமே இல்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 2007-ல் தொடங்கிய எக்ஸ்ட்ராமேத் போன்ற தளங்கள், நான் மேலே சொன்ன எல்லாவற்றையும் ஒரே திரையில் சேர்த்துவிட்டன. குறித்த வினாடிக்குள் சரியான விடை வந்தால் அந்த விடை "தெரியும்" என்ற கணக்கில் சேரும். நேரம் தாண்டினாலோ தவறினாலோ அந்தக் கேள்வி மறுபடி வரும். ஆசிரியருக்கு ஒவ்வொரு பிள்ளையின் நிலையும் தனித்தனியாகத் தெரியும்.

இதன் பலனைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். பத்தாம் வாய்ப்பாடு வரை 100 பெருக்கல் விடைகள். (ஏழெட்டும் எட்டேழும் ஒன்றுதான் என்று பிள்ளைக்குப் புரிந்துவிட்டால் 55 போதும், இதைச் சொல்லிக்கொடுத்தாலே பாதிச் சுமை இறங்கிவிடும்.) வகுப்பில் 40 பேர் இருந்தால் ஆசிரியர் நினைவில் வைக்க வேண்டியவை 4000. எந்த மனிதராலும் முடியாது. வாய்ப்பாட்டைக் கூட்டமாகச் சொல்லும்போது உதட்டை மட்டும் அசைத்துத் தப்பிக்கும் பிள்ளையை 40 பேர் இரைச்சலில் கண்டுபிடிப்பது கடினம். திரை கண்டுபிடித்துவிடும்.

வேகம் தேவையா என்றும் கேட்கிறீர்கள். தேவைதான். வகுத்தல் கணக்கின் நடுவில் ஆறேழு எவ்வளவு என்று நின்று யோசித்தால், எந்த இடத்தில் இருந்தோம் என்பதே பிள்ளைக்கு மறந்துவிடும். கணக்கில் பின்தங்கிய பிள்ளைகளுக்கான 2021-ம் ஆண்டு அமெரிக்க அரசு வழிகாட்டி ஒன்று, நேரம் வைத்த குறும்பயிற்சியைப் பரிந்துரைக்கும் அளவுக்குச் சான்றுகள் இருப்பதாகச் சொல்கிறது. மறுபக்கம், மார்க் ஆஷ்கிராஃப்ட் போன்ற உளவியலாளர்கள், கணக்கைக் கண்டு பயம் வந்தால் அந்தப் பயமே மனதின் வேலை செய்யும் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது என்று காட்டியிருக்கிறார்கள். தெரிந்த விடைகூட அப்போது வராது. ஸ்டான்ஃபோர்டின் ஜோ போலர் இதனால்தான் நேரத் தேர்வுகளை எதிர்க்கிறார். ஓரளவு தெரிந்துவிட்ட விடைகளுக்குக் கடிகாரம் உதவும். இன்னும் புரியாத விடைகளுக்குக் கடிகாரம் வைத்தால் பயம்தான் பழகும். வகுப்பறையில் நான் கண்டதும் இதுதான்.

அரசே திரையைப் பிடித்த கதையும் உண்டு. இங்கிலாந்தில் 2022 முதல் அரசு நிதியில் நடக்கும் பள்ளிகளின் நான்காம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு, அதாவது 8, 9 வயதில், கணினியில் பெருக்கல் வாய்ப்பாட்டுச் சோதனை கட்டாயம். 25 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 6 வினாடி, இடையில் 3 வினாடி ஓய்வு. 2022-ல் சராசரி மதிப்பெண் 19.8, 2024-ல் 20.6. இருபத்தைந்துக்கு இருபத்தைந்தும் வாங்கியவர்கள் 2022-ல் 27 சதவீதம், 2024-ல் 34 சதவீதம். தேர்ச்சி மதிப்பெண் என்று எதுவும் இல்லை. 1862-ன் பாடத்தைக் கொஞ்சமாவது நினைவில் வைத்திருக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

நம் தமிழ்நாட்டிலும் 2022-ல் "எண்ணும் எழுத்தும்" திட்டம் வந்தது. கொரோனாவால் ஏற்பட்ட கற்றல் இடைவெளியைச் சரிசெய்ய, தொடக்க வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கும் திட்டம். அதன் மதிப்பீடுகள் ஆசிரியரின் கைபேசிச் செயலியில் பதிவாகின்றன. "மந்தம்" என்று பெயர் வைக்காமல் "அரும்பு" என்று வைத்ததற்கே பாராட்ட வேண்டும். அரும்பு நாளைக்கு மொட்டாகும் என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. பதிவேற்றும் வேலை கற்பிக்கும் நேரத்தைத் தின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது மேலே இருப்பவர்களின் பொறுப்பு.

இத்தனை கதையிலும் எனக்குத் தெரிவது ஒன்றுதான். பிள்ளையின் பக்கத்தில் உட்காரக்கூடியவர் கையில் இருக்கும்போது இந்த எண்ணிக்கை மருந்து. பள்ளிக்கு எவ்வளவு பணம், ஆசிரியருக்கு எந்த இடம், எந்தப் பிள்ளை முதல் என்று தீர்மானிப்பவர் கைக்கு அது போய்விட்டால், எல்லோரும் எண்ணுக்காக வேலை செய்யத் தொடங்குகிறார்கள். கருவி ஓலையா, தாளா, திரையா என்பது அவ்வளவு முக்கியமில்லை.

அதனால் பெற்றோராகிய உங்களுக்கு மூன்று வேலை.

முதலாவது, மொத்த மதிப்பெண்ணைக் கேட்காதீர்கள். எந்தெந்தக் கட்டம் சிவப்பு என்று ஆசிரியரிடம் கேளுங்கள். பெரும்பாலும் ஆறு, ஏழு, எட்டு சேரும் இடத்தில் நாலைந்து கட்டங்கள்தான் இருக்கும். நாலைந்து விடைகள் ஒரு வார வேலை.

இரண்டாவது, அந்தக் கட்டத்துக்கு உரிய கணக்கைக் கொடுத்து, "எப்படிம்மா கண்டுபிடிச்சே?" என்று கேளுங்கள். "ஏழேழு நாற்பத்தொன்பது தெரியும், அதோடு இன்னொரு ஏழு சேர்த்தேன்" என்று பிள்ளை சொன்னால் சந்தோஷப்படுங்கள். திரையில் சிவப்பாக இருந்தாலும் அந்தப் பிள்ளைக்குக் கணக்கு வருகிறது. வேகம் தானாகச் சேரும். விரல் விட்டு ஒன்றிலிருந்து எண்ணினால், பயிற்சியை நிறுத்திவிட்டு இப்படிப்பட்ட வழியைச் சொல்லிக்கொடுங்கள்.

மூன்றாவது, அண்ணன் மகன், பக்கத்து வீட்டுப் பெண் என்று ஒப்பிடாதீர்கள். போன மாதத்துச் சிவப்பில் இந்த மாதம் எத்தனை பச்சையானது என்று மட்டும் பிள்ளையோடு சேர்ந்து எண்ணுங்கள்.

ஆசிரியர்களாக இருக்கும் என் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. காலையில் திரையைப் பாருங்கள். யார் பக்கத்தில் இன்று உட்கார வேண்டும் என்று அது சொல்லும். அதன்பிறகு திரையை மூடிவிட்டு அந்தப் பிள்ளையிடம் போங்கள்.

உங்கள் பள்ளியில் எப்படி நடக்கிறது, உங்கள் பிள்ளை எந்த வழியில் ஏழெட்டைக் கண்டுபிடிக்கிறது என்று கீழே எழுதுங்கள். ஒவ்வொன்றையும் படிப்பேன். எல்லோரும் நலமாக இருங்கள்.